மூன்று தலையும் சரி

எண்ணிக்கை சரியாக வந்தது. கோளாறே அங்கேதான் ஆரம்பித்தது.

மணிக்கூண்டின் அடியில் நின்று, அண்ணாந்து உச்சியைப் பார்த்தபடியே, அவள் வழக்கம்போல ஒரு கையைப் பின்னால் விட்டுப் பிள்ளைகளின் தலைகளைத் தொட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் இருக்கின்றன என்ற நிம்மதியோடு கைப்பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் துழாவும்போதுதான், தெருமுனையில் கணவனும் பெரியவனும் வருவது தெரிந்தது. காரைப் பின்னால் எடுக்க வழி சொல்கிறேன் என்று பெரியவன் அப்பாவோடு போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். பத்து வயது வாயாடி இருந்தாள். ஆறு வயது வண்டு இருந்தாள். வேறு யாரும் இல்லை.

வாயாடியின் தலையை இரண்டு தடவை தொட்டிருப்பேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கைதான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவதாகத் தொட்ட தலையில் கிளிப்பும் இல்லை, சடையும் இல்லை. குளித்துவிட்டுச் சரியாகத் துவட்டாத தலைபோல மெத்தென்று, சில்லென்று இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தாள். லேசாக ஈரம். பாட்டில் கசிந்திருக்கும் என்று புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அவள் கைக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா அவள். முதலில் எல்லோரையும்போலக் கண்ணால்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் கொளுத்துகிற வெயிலில் ஒரு நாள், பள்ளி வாசலில் இறக்கிய பிள்ளைகளை எண்ணும்போது, சுவரோரம் கிடந்த புத்தகப் பையையும் அதன் மேல் யாரோ கவிழ்த்து வைத்த தொப்பியையும் ஒரு பிள்ளை என்று சேர்த்து எண்ணிவிட்டாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. பூட்டிய வேனின் கடைசி இருக்கையில் தூங்கிப்போன ஒரு பெண் குழந்தை நாற்பது நிமிஷம் வெந்துகொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் வழியில் பார்த்தால் கையாட்டுகிறது. இவள்தான் இன்னும் தேறவில்லை. அன்றிலிருந்து கண்ணை நம்புவதில்லை, தொட்டுத்தான் எண்ணுவாள். வீட்டிலும் அப்படியே. ஜெல் தடவி முள்ளாக நிற்பது பெரியவன், பிளாஸ்டிக் ஹேர்பேண்டின் பல் குத்தினால் வாயாடி, சிவப்பு மணி வைத்த ரப்பர் பேண்ட் போட்ட ரெட்டைக் குடுமி வண்டு. இருட்டிலும் சொல்லிவிடுவாள்.

பிள்ளைகளுக்கும் ஒரு விதி போட்டிருந்தாள். எங்கேயாவது பிரிந்துவிட்டால் ஓடக்கூடாது, தேடக்கூடாது. பக்கத்துச் சுவரில் கையை வைத்து நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அம்மா வந்து தலையைத் தொட்டு எண்ணும்வரை ஓர் அடி நகரக் கூடாது. மற்ற இருவரும் இதைக் கேட்டுக் கண்ணை உருட்டுவார்கள். வண்டு மட்டும் சொன்ன சொல்லைத் தட்டமாட்டாள்.

இந்த ஊரைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோலக் கணவன் முன்னால் நடந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மாதம் ஒரு முறை வேலைக்கு இங்கே வந்து போகிறவன், ஆறு மாதமாக வீட்டில் இதே புராணம்: இரண்டு மணி நேரத் தூரத்தில் இப்படி ஓர் ஊர், கூட்டமில்லை, குப்பையில்லை, எல்லோரும் கடலுக்கும் மலைக்கும் ஓடுகிறார்களே தவிர இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் சொன்னதில் பொய்யில்லை. கடைவீதி கழுவிவிட்டதுபோல இருந்தது, தெருவோர பெஞ்சுகள் காலியாக இருந்தன, மாடி ஜன்னல்கள் திறந்தே கிடந்தும் ஒன்றில்கூட ஒரு முகம் தெரியவில்லை, மழை பெய்து பல நாளாகியும் எங்கோ தரைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. காற்றில் ஈர இரும்பின் வாடை. அவளுக்கு மட்டும் உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது.

மதியம் ஓட்டலில் சர்வர் ஆறு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். ஆளுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டிருக்கிறார் என்று கணவன் சொன்னான். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வண்டுவின் ஒரு பக்கக் குடுமி அவிழ்ந்து முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"எங்கடி இன்னொரு ரப்பர் பேண்ட்?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

வண்டு வாய் நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பக்கத்து மேசையைப் பார்த்தாள். அங்கே யாரோ சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருந்தார்கள். ஏதோ ஒரு பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கும், இதுவும் தாராளமாகத் தூக்கிக் கொடுத்திருக்கும் என்று நினைத்து, பிரிந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். எழுந்திருக்கும்போது ஆறு டம்ளரும் காலியாக இருந்தன. ஆறாவதன் விளிம்பில் துருப்பிடித்த நிறத்தில் ஒரு வளையம்.

ஓட்டல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கையைப் பின்னால் விட்டாள். முள். பல். ஒற்றை மணி. மூன்றும் சரி. நாலு அடி நடந்த பிறகு உள்ளேயிருந்து வண்டுவின் குரல் கேட்டது. கை கழுவும் தொட்டி எட்டவில்லை என்று அப்பா அவளைத் தூக்கிப் பிடித்திருந்தான். இருவரும் தண்ணீரை மேலே தெளித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தபடியே வண்டு அம்மாவுக்குக் கையாட்டினாள்.

இந்தத் தடவை கைக்குச் சந்தேகமே இல்லை. அந்த மணியை விரலால் உருட்டிப் பார்த்திருந்தாள். இன்னொன்றும் இருந்தது. வேனில் சில குழந்தைகள், வீட்டில் தொட்டுப் பேச ஆளில்லாதவை, எண்ணும்போது தலையைத் தூக்கி உள்ளங்கைக்குள் சாய்ந்துகொள்ளும். அந்தத் தலையும் அப்படித்தான் சாய்ந்து கொடுத்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். பூங்காவில் இரண்டு பெண் பிள்ளைகளின் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். வாயாடி வலிக்கிறது என்று மூக்கால் அழுதாள். வீட்டுக்குப் போகலாம் என்று அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கணவன் சிரிக்கமாட்டான், பழைய சம்பவத்தை நினைத்து முகம் வாடிப்போவான். அதைத் தாங்குவதற்கு அவன் சிரித்தாலே தேவலை.

"ஒரே ஒரு இடம்தான் பாக்கி," என்றான் அவன். "அந்த பம்ப் ஹவுஸைப் பார்க்காம போனா வந்ததுக்கே அர்த்தமில்ல. நூறு வருஷத்து மெஷின். அரை மணி நேரம், போதும்."

ஊருக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த பழைய கட்டடம் அது. இப்போது காட்சிக்கு வைத்திருந்தார்கள். வாசலில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட காவல்காரம்மா ஒரு பெரிய நோட்டை நீட்டி, எல்லோருடைய பேரையும் ஒரு போன் நம்பரையும் எழுதச் சொன்னாள். இவள் எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் பிள்ளைகளின் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"எண்ணாதீங்கம்மா," என்றாள் காவல்காரம்மா. "இங்க தலையை எண்ண மாட்டோம். பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். கூப்பிட்டா பதில் வரணும்."

ஏன் என்று இவள் கேட்டாள். எங்கள் வழக்கம் அப்படி என்று சொல்லிவிட்டு, காவல்காரம்மா பின்னால் நின்ற இன்னொரு குடும்பத்திடம் நோட்டை நீட்டப் போய்விட்டாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வழக்கம் இருக்கும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

மேல் தளத்தில் யானை உயரத்துக்கு நின்ற இயந்திரத்தைக் கணவன் கோயிலைச் சுற்றுவதுபோலச் சுற்றினான். அங்கிருந்து கீழே இரும்புப் படிகள் இறங்கின. அறுபது படி. ஒவ்வொரு படிக்கும் சத்தம் மாறியது, காலையிலிருந்து தரைக்கடியில் கேட்டுக்கொண்டே வந்த அந்தத் தண்ணீர் இங்கே பக்கத்தில் வந்து மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது, எண்ணெயும் பாசியும் துருவும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது, செங்கல் சுவர் தொட்ட இடமெல்லாம் வியர்த்திருந்தது. அடியில் ஒரு நீண்ட நடை. அதன் ஒரு பக்கம் கம்பித் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் கறுத்த தண்ணீர். மற்ற குடும்பம் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டது. பெரியவன் எதையோ படமெடுத்துக்கொண்டிருந்தான். வண்டு ஒரு கையால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு பக்கம் திரும்பி, சின்னக் குரலில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டடி பேசுற?"

மேலே இடி இடித்தது. விளக்குகள் ஒரு முறை மங்கி எரிந்து அணைந்தன.

"நில்லுங்க," என்றாள். குரல் சுவரில் பட்டு நாலு பக்கமும் போனது. "யாரும் நகராதீங்க. சுவத்துல கையை வைங்க."

முந்தானையை யாரும் பிடித்திருக்கவில்லை.

கணவன் படிப்பக்கமிருந்து போன் வெளிச்சத்தைக் காட்டினான். இவளிடம் வந்து சேர்வதற்குள் அது செத்துப்போனது. இருட்டில் இரண்டு கையையும் நீட்டி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடிமேல் அடி வைத்து நடந்தாள். முள். அப்பாடா. பல். அதற்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு சின்னத் தலை. இந்தப் பக்கம் ஒரு மணி. அந்தப் பக்கம் ஒரு மணி. ரெட்டைக் குடுமி. வண்டு.

மூன்று தலையும் சரி.

அவள் வண்டுவை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை கழுத்தில் முகத்தைப் புதைத்து இறுகக் கட்டிக்கொண்டது. சுவர் ஈரம் பட்டு உடம்பெல்லாம் சில்லிட்டிருந்தது. பெரிய பிள்ளைகள் இருவரையும் முன்னால் விரட்டிக்கொண்டு, அறுபது படியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மேலேயும் மின்சாரம் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டியது, பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. கூடத்தின் மறு கோடியில் காவல்காரம்மா நோட்டைத் தூக்கிப் பிடித்து எதையோ கத்திக்கொண்டிருந்தாள். இவள் கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டினாள். மூன்றும் இருக்கிறது. காவல்காரம்மா இல்லை என்று தலையை வேகமாக ஆட்டி மறுபடியும் கத்தினாள். அதற்குள் கணவன் காரை வாசலோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

நனைந்துகொண்டே ஏறினார்கள். வண்டுவைப் பின் இருக்கையில் நடுவில் விட்டுத் துண்டால் தலையோடு போர்த்தினாள். பெரியவன் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு ஒரு ஜன்னல் பக்கம் திரும்பினான். வாயாடி மற்ற ஜன்னலில் சாய்ந்து, வாயாடியும் வாயை மூடுவாள் என்று நிரூபிப்பதுபோல, ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

முன் இருக்கையிலிருந்து கையைப் பின்னால் விட்டு இன்னொரு முறை எண்ணினாள். எல்லாத் தலையும் ஈரம். மழை. பெரியவனின் முள்கூடப் படிந்துபோயிருந்தது. பல் இருந்தது. துண்டுக்கு அடியில் இரண்டு மணியும் இருந்தன. அவளுக்கு உடம்பே லேசானதுபோல இருந்தது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் தன் மனப்பிராந்தி என்று தோன்றியது. இருட்டில், பயத்தில், மின்சாரம் போன பாதாளத்தில், ஒரு பிள்ளையைக்கூட விடாமல் கொண்டுவந்துவிட்டாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் மேலேயே அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. உங்கள் ஊரும் வேண்டாம் உங்கள் மெஷினும் வேண்டாம், அடுத்த தடவை கூட்டத்தில் இடிபட்டாலும் கடலுக்கே போகலாம் என்று கணவனைச் சீண்டினாள். அவனும் சிரித்துக்கொண்டான். கண்ணாடியெல்லாம் மூடியிருந்ததால் காருக்குள் ஈர இரும்பின் வாடை கனத்தது. நனைந்த துணியை வீட்டுக்குப் போனதும் ஊறப்போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். வெளிச்சம் மங்கி, எதிரே வரும் வண்டிகள் விளக்கைப் போட ஆரம்பித்திருந்தன. கைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"பம்ப் ஹவுஸ்லேருந்து பேசுறேம்மா." காவல்காரம்மாவின் குரல். "பூட்டுறதுக்கு முன்னாடி நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டேன். கீழேருந்து ஒரு பதில் வந்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. தப்பான ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள், எங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் காரில்தான் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் கை மாறும் சத்தம். ஒரு மூக்குறிஞ்சல். ஆறு வருஷமாக அவள் கேட்டுவரும் மூக்குறிஞ்சல்.

"அம்மா. நான் நகரவே இல்லம்மா. சுவத்துல கை வச்சுட்டே நின்னேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ எண்ணிக்கிட்டே வந்த. எனக்குக் கேட்டுச்சு. என் தலையை மட்டும் தொடவே இல்ல."

வைப்பர் இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது.

"இன்னொரு ரப்பர் பேண்டையும் அவ கேட்டாம்மா. அவளுக்கும் வீட்டுக்குப் போகணுமாம். குடுத்துட்டேன். எப்பம்மா வருவே?"

இரண்டு மணி.

மதியத்திலிருந்து வண்டுவுக்கு ஒரு குடுமிதான். ஒரு மணிதான். இருட்டில் அவள் தொட்டது இரண்டு. தொட்டாள். உருட்டிப் பார்த்தாள். சரி என்றாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

"யாரு போன்ல?" என்றான் கணவன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னால் துண்டு சரிந்து விழும் சத்தம். மெல்லியது. ஈரமானது. இருக்கையின் நடுவிலிருந்து ஏதோ எழுந்து நிற்பதுபோல ஸ்பிரிங் ஒரு முறை முனகியது.

ஒரு சின்ன உள்ளங்கை அவள் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. சில்லென்று. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நெற்றி வழியாக இறங்கியது.

"ஒண்ணு."

வண்டுவின் குரல்தான். ஏறக்குறைய.

கை அவளை விட்டு நகர்ந்தது. கணவனின் தலைக்குப் போனது.

"ரெண்டு."

அவன் சிரித்தான். "பாத்தியா, உன் பழக்கம் உன் பொண்ணுக்கும் ஒட்டிக்கிச்சு."

அவள் சொல்ல நினைத்தாள். காரை நிறுத்துங்கள். திருப்புங்கள். நாக்கு எழவில்லை. காதில் வைத்த போனில் வண்டு, தன் வண்டு, அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியவன் பக்கம், "மூணு." தூங்கும் வாயாடியின் ஹேர்பேண்டின் மேல், பல்லைத் தடவிப் பார்த்து, நிதானமாக, "நாலு."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் இப்போது தெரிந்தது. முகம் இருட்டில் இருந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் இரண்டு சிவப்பு மணிகள் மட்டும் மின்னின. அது தன் கையைத் தூக்கி, தன் தலையிலேயே வைத்து, உள்ளங்கைக்குள் மெல்லச் சாய்ந்துகொண்டது.

"அஞ்சு," என்றது. "எல்லாரும் இருக்கோம்மா. வீட்டுக்குப் போலாம்."